மஞ்சள் துணியில் முடிந்த காசு

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு எனக்கு உடனே வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நீ அழுவாய், நானும் அழுவேன், கேட்ட கேள்வி அப்படியே நின்றுவிடும்.

ரத்தப் புற்றுக்காகப் பாப்பாவுக்கு எடுத்த போன்மாரோ ரிசல்ட் நல்லபடியாக வந்தது என்றதும் இங்கே பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைப் படித்துவிட்டு அத்தைக்குச் சந்தோஷமே இல்லை போல என்று நினைத்துவிடாதே.

அம்மன் கண் திறந்துவிட்டாள், நோய் போய்விட்டது, பிறகு எதற்கு இரண்டு வருஷம் அந்தப் பச்சைமண்ணுக்கு மருந்து ஏற்ற வேண்டும் என்று மதினி, உன் அம்மா, கேட்கிறாள். நீ ‘சாமியும் இல்லை பூதமும் இல்லை’ என்று கத்தியிருக்கிறாய். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

மதினி கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லையப்பா. முப்பத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் சொல்கிறேன், பெரிய படிப்புப் படித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். டாக்டர் ‘ரெமிஷன்’ என்று சொல்வது நம் காதில் ‘குணம்’ என்று விழுகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மஜ்ஜையில் கெட்ட செல்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டன, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கண்ணில் படாமல் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கலாம். மதினி வயலில் இறங்கிக் களை பறித்தவள். கோரையைப் பற்றி அவளிடமே கேள். பறித்த மறுநாள் வயல் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், கிழங்கு உள்ளே கிடக்கும். இனி கொடுக்கப்போகும் மருந்தெல்லாம் அந்தக் கிழங்குக்குத்தான்.

எங்கள் வார்டில் ஒரு அப்பா இருந்தார். முதல் மாதச் சோதனை சுத்தம் என்றதும் எல்லாக் கட்டிலுக்கும் மிட்டாய் கொடுத்தார். அடுத்த வாரம் வரவில்லை. கடன், அறுவடை, வீட்டில் ஒரு கைக்குழந்தை. எட்டு மாதம் கழித்துப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு மேல் எழுத மனசில்லை. அவரை உட்கார வைத்து விளங்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். சீட்டில் தேதி எழுதிக் கொடுத்ததோடு சரி. வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் வரைக்கும் தேறி வருகிறார்கள். நம் ஊரில் அது குறைவு. வைத்தியம் பாதியில் நின்றுபோவது அதற்கு ஒரு பெரிய காரணம்.

ஆகவே ஒரு காரியம் செய். மாத்திரைப் பொறுப்பை மதினியிடம் கொடுத்துவிடு. மெர்காப்டோப்யூரின் மாத்திரை தினமும் ஒரே நேரத்தில் போக வேண்டும். உனக்கு ஷிப்ட் மாறும், உன் பெண்டாட்டி களைத்துத் தூங்கிவிடுவாள். மதினி விளக்கேற்றாத சாயங்காலம் உண்டா? விளக்கு, பிறகு மாத்திரை, பிறகு தினசரி காலண்டரில் ஒரு பொட்டு. கையுறை போட்டுக்கொள்ளட்டும், மாத்திரையை உடைக்க வேண்டியிருந்தால் எப்படி என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட் தொடங்கினால் அது வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிழமையைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டு.

இன்னொன்று. உங்கள் கொல்லையில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, மதினி விடிந்ததும் பறித்துப் பிள்ளையாருக்குப் போடுவாளே, பாப்பாவுக்கு ஏற்றுகிற வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். 1960-களிலிருந்து கொடுக்கிறார்கள். ஒரு சொட்டு மருந்துக்கு மூட்டை மூட்டையாக இலை வேண்டும், நம் பக்கத்து மானாவாரிக் காடுகளிலேயே இதைப் பயிர் வைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய செடி! உடம்புக்குள் விஷம் ஏற்றுகிறார்கள் என்று சொல்கிறவளிடம் இதைச் சொல், முகத்தைப் பார். ஆனால் சொன்ன கையோடு, இலையைக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது என்றும் கண்டிப்பாய்ச் சொல். அது நஞ்சு. அளந்து ரத்தக்குழாயில் ஏற்றுகிறபோதே பிள்ளைக்கு மலம் கட்டுகிறது, கால் தளர்ந்து படியேற முடியாமல் போகிறது.

ரத்தம் ஊற டானிக் வாங்கலாமா என்று அன்று கேட்டாய். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். முக்கியமாக ஃபோலிக் அமிலம் சேர்ந்தது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பீமவரத்தில் பிறந்து நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கூடப்பிறந்தவரை ஸ்ப்ரூ என்கிற வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா போனார். அங்கே அவர் நடத்திய ஆய்வுக்கூடத்தில் அந்த நோய்க்கு மருந்தாக உதவுகிற ஃபோலிக் அமிலத்தைச் செய்துகாட்டினார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், அந்தச் சத்து உடம்புக்குள் போனால் ரத்தப் புற்று வேகமாகிறது என்று கண்டு, அதற்கு எதிரான மருந்தைச் சுப்பாராவின் ஆட்களிடமிருந்தே வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-இல் முதல் தடவையாக நோய் பின்வாங்கியதை உலகத்துக்குச் சொன்னார். பாப்பாவுக்குச் சொன்னேனே மெத்தோட்ரெக்சேட், அது அந்த வம்சத்து மருந்து. சத்தை நிறுத்துகிற மருந்தைக் கொடுத்துக்கொண்டே சத்து டானிக்கையும் ஊற்றினால் எப்படி?

நேர்த்திக்கடன் விஷயம். இருக்கன்குடி அம்மன் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை போடுவதாக மதினி வேண்டியிருக்கிறாள். பிள்ளைக்கு முடி தானாகவே கொட்டிவிட்டது, அதனால் ஆத்தா கோபித்துக்கொள்வாளோ என்று வேறு பயம். ரத்த அணு கவுண்ட் இப்படி இறங்கிக் கிடக்கும்போது ஆடிக் கூட்டத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோவது ஆகாது. நம் வீட்டில் என்ன வழக்கம்? போக முடியாவிட்டால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தடியில் வைப்போம். நீ பிறந்தபோது மதினி அப்படி முடிந்து வைத்துத்தான் மூன்று வருஷம் கழித்து உனக்கு மொட்டை போட்டாள். கடைசி மாத்திரை முடிந்து, முடியும் வளர்ந்து, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு அந்தக் காசை அவிழ்க்கலாம். திருநீறு நெற்றியில் பூசட்டும், வாயில் போட வேண்டாம். கொதிக்க வைக்காத தீர்த்தமும் வேண்டாம்.

காய்ச்சல் 100.4 தொட்டால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு. காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்பது கிடையாது. மந்திரிக்க வேண்டும் என்றால் திரும்பி வந்து மந்திரிக்கட்டும்.

உனக்குச் சாமி கும்பிடவே தோன்றவில்லை என்றாய். கும்பிடாதே. வார்டில் நானும் எத்தனையோ நாள் சாமியோடு பேச்சை நிறுத்தியிருக்கிறேன், பிறகு நானாகத்தான் போய்ப் பேசினேன். என்ன பாவம் செய்தோம் என்று மட்டும் கேட்காதே. நீயும் உன் பெண்டாட்டியும் செய்த, செய்யாத எதனாலும் இது வரவில்லை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடு. பாப்பா பிழைத்துவிடுவாள் என்று சத்தியம் பண்ணச் சொன்னாய். பண்ண மாட்டேன். அவளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதை மட்டும் முப்பத்திரண்டு வருஷம் பார்த்த கண்ணை வைத்துச் சொல்கிறேன்.

பெரியவனை மறந்துவிடாதீர்கள். தங்கச்சிக்கு நோய் வந்தது தான் அடித்ததால்தானோ என்று என்னிடம் ரகசியமாய்க் கேட்டான். இல்லை என்று சொன்னேன். நீயும் ஒரு தடவை சொல், அப்பா சொன்னால்தான் நம்புவான்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தயிர்ச்சோறு கேட்கிறாளாமே, அது ஸ்டீராய்டு பசி. இனி நான் எழுந்துகொள்கிறேன், உன் பெண்டாட்டி ஒரு வாரம் தூங்கட்டும். கடை முறுக்கு எதுவும் வாங்கி வைக்காதே. நானே சுட்டு டப்பாவில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை