மணி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த கதை



ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எங்க வீட்டுக்கு ஒரு நாட்டு நாய் வந்தது. காப்பகத்திலிருந்து தத்தெடுத்தோம். பெயர் மணி. வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சோறு வைத்தால் யாரும் இல்லாத நேரத்தில்தான் கொஞ்சம் தின்னும். கையை நீட்டினால் உறுமும். நாலாம் நாள் அப்பா, "இது நம்மகிட்ட ஒட்டாது போலிருக்கு, திருப்பிக் கொடுத்துடலாம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கால்நடை டாக்டரிடம் கேட்டோம். "மூணு வாரம் பொறுங்க" என்று சொல்லி, சில வழிகளும் சொன்னார்.

நாய் ஏன் பயப்படுகிறது?

நாய் மோப்பத்தால்தான் உலகத்தை அறிகிறது. புது வீட்டில் எல்லா வாசனையும் புதிது. எங்க வீடு தாம்பரத்தில் தண்டவாளத்துக்குப் பக்கம். கீழே மின்சார ரயில், மேலே விமானப்படைத் தளத்து விமானம். நமக்குப் பழகிப்போச்சு, அதற்கு? சுமாரான கணக்கு இதுதான்: முதல் 3 நாள் பயம், 3 வாரத்தில் வீட்டு வழக்கம் புரியும், 3 மாதத்தில் 'இது நம்ம வீடு' என்று நம்பும். சில நாய்களுக்கு இன்னும் நாள் ஆகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரு மூலையில் பழைய சாக்கும் தண்ணீரும் வையுங்கள். அங்கே படுத்திருக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது.

2. நாம் போகக் கூடாது, அது வரட்டும். சற்றுத் தள்ளி, திரும்பி உட்கார்ந்து பாடம் படியுங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். மோந்து பார்த்த பிறகு நெஞ்சுப் பக்கம் தடவலாம்.

3. தினமும் அதே நேரத்தில் சோறு, அதே நேரத்தில் நடை.

4. பெயரைக் கூப்பிட்டு, திரும்பிப் பார்த்த உடனே ஒரு துண்டு முட்டை கொடுங்கள். 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினார். பிறகு ஒலி கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறியது. அதுபோல நம் குரல் கேட்டாலே அதற்கு நல்லது நினைவு வரவேண்டும்.

5. வீட்டுக்குள் சிறுநீர் போனால் அடிக்காதீர்கள். துடைத்துவிட்டு, அடுத்த தடவை சாப்பிட்டதும் வெளியே கூட்டிப்போங்கள்.

6. சாக்லேட், வெங்காயம், திராட்சை கூடவே கூடாது. தடுப்பூசியை மறக்கக் கூடாது. எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

* கிண்டியில் உள்ள புளூ கிராஸ் அமைப்பை 1959-இல் தொடங்கியவர் கேப்டன் வி. சுந்தரம்.

* நாயும் அதை வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் அதிகமாகிறது என்று 2015-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் பாசம் வளர்க்கும் ஹார்மோன் அது. ஆனால் முதலில் நம்பிக்கை, அப்புறம்தான் பார்வை!

* 2014 ஆகஸ்டில் சென்னையில் விபத்தில் இறந்த ஓர் இளைஞரின் புதைகுழியை விட்டு அவர் நாய் சுமார் இரண்டு வாரம் நகரவில்லை. புளூ கிராஸ்காரர்கள் அவர் அம்மாவை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாவுடன்தான் அது கிளம்பியது.

பத்தொன்பதாம் நாள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முழங்கையில் ஏதோ ஈரமாகப் பட்டது. மணியின் மூக்கு! நான் அசையவே இல்லை. இப்போ அப்பா வேலை முடிந்து வந்ததும் முதலில் கேட்பது, "மணி சாப்பிட்டானா?"

நண்பர்களே, தீபாவளி வருகிறது. தெரு நாயின் பக்கத்தில் வெடி போடாதீர்கள். அதுவும் யார் வீட்டுக்காவது போக வேண்டிய மணியாக இருக்கலாம்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு