குறையைக் காட்டும் கோப்பு

கல்லூரி வாசலில் 'அங்கீகாரம் பெற்றது' என்ற பலகையைப் பார்க்கும் பெற்றோர் பலருக்கு, அந்த அங்கீகாரத்தைத் தரும் நாக், என்.பி.ஏ. என்ற இரண்டு அமைப்புகளும் ஒன்றுதான். நாக் கல்லூரியை மொத்தமாகப் பார்க்கும். என்.பி.ஏ. பி.டெக். ஐ.டி., பி.இ. சிவில் என்று படிப்பு படிப்பாக மதிப்பிடும். ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு அதன் அங்கீகாரம் இருக்கும், ஐ.டி.க்கு இருக்காது. பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானதைப் பல கல்லூரிகள் விளம்பரத்தில் போட்டுக்கொள்கின்றன. அந்த உடன்பாடு டயர்-1 சான்று பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான். பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் விண்ணப்பிப்பது டயர்-2. இதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை.

நான் என்.பி.ஏ. ஒருங்கிணைப்பாளராக இருந்தது அப்படியொரு அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியின் ஐ.டி. துறைக்கு. அப்போதைய படிவத்தில் பத்து அளவுகோல்கள், மொத்தம் 1000 மதிப்பெண். 750 எட்டினால் ஆறு ஆண்டு அங்கீகாரம், 600 எட்டினால் மூன்று ஆண்டு, கூடவே சில நிபந்தனைகள். இப்போது படிவம் மாறிவிட்டது. பட்டம் முடிக்கும்போது மாணவருக்கு வந்திருக்க வேண்டிய திறன்களின் பட்டியல், அதாவது பி.ஓ., 12-இலிருந்து 11 ஆகியிருக்கிறது. ஆனால் தடுமாறும் இடம் மாறவில்லை.

விஷன், மிஷன் வாசகங்களுக்காகக் கூட்டம் மேல் கூட்டம் போடுவார்கள். பழைய படிவத்தில் அந்த அளவுகோலின் மொத்த மதிப்பெண்ணே 60தான். ஒரு மதியம் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

நேரத்தைக் கொட்ட வேண்டியது சி.ஓ., பி.ஓ. கணக்கில். ஒரு பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்ய வர வேண்டும் என்பது சி.ஓ. ஒவ்வொரு சி.ஓ.வும் எந்த பி.ஓ.வுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 போட வேண்டும். புதிதாக வந்த ஆசிரியரிடம் அட்டவணையைக் கொடுத்தால் எல்லாக் கட்டத்திலும் 3 போட்டுத் தருவார். டேட்டாபேஸ் பாடத்துக்கும் சுற்றுச்சூழல் பி.ஓ.வுக்கும் 3 என்று போட்டிருந்தால், மதிப்பிட விசிட் வரும் என்.பி.ஏ. வல்லுநர் அந்தப் பாடத்தின் வினாத்தாளைக் கேட்பார். சுற்றுச்சூழலைத் தொடும் கேள்வி ஒன்றைக் காட்டச் சொல்வார். காட்ட முடியாத கட்டத்தைக் காலியாக விடுவதே மேல்.

இணைப்புக் கல்லூரிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழகத் தேர்வு முடிவில் பாடத்துக்கு ஒரு கிரேடுதான் வரும்; எந்தக் கேள்விக்கு எத்தனை என்று தெரியாது. அதனால் அந்தப் பக்கத்தில் எல்லா சி.ஓ.வுக்கும் ஒரே எண்தான் விழும். மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது இன்டர்னல் தேர்வில்தான் தெரியும். ஆகவே இன்டர்னல் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் சி.ஓ. எண் இருக்கட்டும், மதிப்பெண்ணும் கேள்வி வாரியாகப் பதிவாகட்டும். தேர்வு முடிந்த வாரமே செய்தால் எக்ஸெல்லில் கொஞ்ச நேர வேலை. விசிட் தேதி வந்தபின் மூன்று வருடத்து விடைத்தாள் கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தால், சாட்சாத் நரகம்.

கணக்குப் போட்டதும் இலக்கை எட்டாத சி.ஓ.க்கள் வெளியே வரும். உடனே சிலர் இலக்கைக் குறைப்பார்கள், சிலர் எண்ணைத் திருத்துவார்கள். இரண்டும் வேண்டாம். எல்லாப் பாடத்திலும் இலக்கை முழுதாக எட்டியதாகக் காட்டும் கோப்பைத்தான் வல்லுநர் முதலில் சந்தேகப்படுவார். தவிர, குறை இருந்தால்தானே 'தொடர் மேம்பாடு' பகுதியில் எழுத ஏதாவது இருக்கும்? எங்கள் துறையில் டேட்டாபேஸ் பாடத்தின் டிரான்சாக்‌ஷன் அலகு தொடர்ந்து கீழே இருந்தது. கரும்பலகையில் 'டெட்லாக்' படம் வரைவதோடு நிற்காமல், ஆய்வகத்தில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, இரண்டு வரிசைகளை எதிரெதிர் முறையில் மாற்றவைத்து, ஒன்றுக்கொன்று காத்து நிற்பதைக் காட்டினோம். அடுத்த பேட்சின் எண் ஏறியது. இலக்கை முழுதாகத் தொடவில்லை. அப்படியே எழுதினோம். விசிட்டில் அந்தப் பக்கத்தில்தான் வல்லுநர் நெடுநேரம் நின்றார்.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை என்று புலம்புவோம். அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். பழைய படிவத்தில், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் எது விடுபட்டது என்று கண்டறிவதற்கு 10 மதிப்பெண், விடுபட்டதை நடத்தியதற்கு 10 என்று இருந்தது. அதற்காக ஒரு நாள் பயிலரங்கப் புகைப்படங்களை ஆல்பமாக ஒட்டாதீர்கள். எந்த பி.ஓ. இடைவெளியை நிரப்ப அந்தப் பயிலரங்கம் என்று ஒரு வரி இல்லாவிட்டால் புகைப்படம் வெறும் புகைப்படம்தான்.

மாணவர்களை வல்லுநர்கள் தனியே சந்திப்பார்கள். பி.ஓ. பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பது வீண். தங்கள் புராஜெக்டைத் தடுமாறாமல் விளக்க வந்தால் போதும்.

ஐ.டி. துறைக்கே உரிய தலைவலி ஆசிரியர்கள் கம்பெனிக்குப் போய்விடுவது. பழைய படிவத்தில் ஆசிரியர் தக்கவைப்புக்கு 25 மதிப்பெண் இருந்தது. சம்பளம் நிர்வாகத்தின் கையில் இருப்பதால் ஒருங்கிணைப்பாளரால் அதில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் போகிறவரின் மடிக்கணினியோடு பாடக் கோப்பும் போய்விடாமல் பார்த்துக்கொள்ள முடியும். நோ டியூ படிவத்தில் நூலகம், ஆய்வகம் வரிசைக்குக் கீழே 'பாடக் கோப்பு ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்து, துறைத்தலைவர் கையெழுத்துக்கு இடம் விடுங்கள்.