துண்டுத் துணியில் ஒரு போர்வை

கிழிந்த சட்டையையும் மிஞ்சிய வெட்டுத்துணியையும் நாம் எளிதில் எறிந்து விடுகிறோம். அவற்றின் மதிப்பை உணரச் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் நடந்ததை நினைவுகூர்வோம்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 400 பெண்களும் பிள்ளைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். வேறு முகாம்களில் இருந்த கணவன்மாரின் கதி அவர்களுக்குத் தெரியவில்லை. அப்போது எதெல் மல்வானி என்னும் கனடிய மாது ஒரு வழி கண்டார். பெண்கள் ஆளுக்கொரு சதுரத் துணியில் தம் பெயரையும் ஒரு சித்திரத்தையும் பூத்தையலிட்டனர். சதுரங்களை இணைத்து, ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகளைச் செய்தனர். அவை காயமுற்றோருக்கென இராணுவ மருத்துவமனைக்குச் சென்றன. துணியில் இருந்த பெயரே, "உயிரோடு இருக்கிறேன்" என்னும் கடிதம் ஆயிற்று. அவற்றுள் இரண்டு இன்றும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

நாமும் எளிய முக்கோணக் கட்டங்களால் 32 அங்குல அகலமும் 40 அங்குல நீளமும் உள்ள குழந்தைப் போர்வை ஒன்றைத் தைக்கக் கற்போம். பழைய பருத்தித் துணியே போதும். தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் உள்ளவை போன்ற தையற்கடைகளில் வெட்டுத்துணி கேட்டுப் பார்க்கலாம். புதுத்துணியை முதலில் துவைத்து உலர்த்துக. சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும்.

செய்முறை:

1. வெளிர்நிறத்தில் 40, அடர்நிறத்தில் 40 என 5 அங்குலச் சதுரங்களை வெட்டுக.

2. வெளிர்த்துணி ஒன்றையும் அடர்த்துணி ஒன்றையும் நல்ல பக்கங்கள் உள்நோக்கி இருக்குமாறு சேர்த்து, மூலைக்கு மூலை ஒரு கோடு இடுக.

3. கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைக்க. பின்னர்க் கோட்டின் மேல் வெட்டுக. ஒரு சோடியிலிருந்து இரண்டு கட்டங்கள் கிடைக்கும்.

4. விரித்து, தையல் மடிப்பை அடர்நிறப் பக்கம் சாய்த்துத் தேய்க்க. நான்கரை அங்குலச் சதுரமாக ஓரங்களைச் சீர்செய்க.

5. நான்கு கட்டங்களை ஒரே திசையில் சுழலும்படி அடுக்கி, இரண்டிரண்டாகத் தைத்துப் பின் இணைக்க. காற்றாடி உருவம் தோன்றும். இவ்வாறு 20 காற்றாடிகளை, வரிசைக்கு 4 வீதம் 5 வரிசைகளாக இணைக்க.

முக்கோணமாகவே முதலில் வெட்டினால் என்ன என்று கேட்கலாம். துணியைக் குறுக்குவாட்டில் வெட்டிய ஓரம், இழுத்தால் நீளும், கட்டம் கோணலாகிவிடும். தைத்தபின் வெட்டினால் அந்தத் தொல்லை இல்லை. கால் அங்குல அளவும் பிசகக்கூடாது. ஒவ்வோர் ஓரத்திலும் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு மிகுந்தால், எட்டுக் கட்ட வரிசையில் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும்.

பின்புறத்திற்கு அதே அளவில் பழைய கைலி போதும். நல்ல பக்கங்களைச் சேர்த்துச் சுற்றிலும் தைத்து, ஆறு அங்குலம் திறப்பு விட்டு, அதன் வழியே திருப்பி, திறப்பை மூடுக. இறுதியில் இரண்டு துணிகளையும் ஓட்டுத்தையலால் ஆங்காங்கே பிணைக்க.

தையல் இயந்திரம் இல்லாதோர் கையாலேயே தைக்கலாம். சாங்கிப் பெண்களின் பூத்தையலும் கையால் இட்டதே. ஓய்வு நேரத்தில் நாளுக்கு இரண்டு சோடி தைத்தாலும் 20 நாளில் எல்லாக் கட்டங்களும் ஆயத்தமாகிவிடும். ஒரு மூலையில் தைத்தவர் பெயரையும் ஆண்டையும் பொறிக்க மறவாதீர்கள்.