மாதர் இசைவும் மருத்துவச் சட்டமும்

கருக்கலைப்பு என்னும் பொருள்பற்றிக் கற்றோர் இருவர் வாதிப்பின், ஒருவர் கருவில் வளரும் உயிரின் பக்கமும் மற்றவர் தாயின் உரிமையின் பக்கமும் நிற்றல் வழக்கம். இருவர் கூற்றும் ஆராயத்தக்கனவே. ஆயினும், அவ்வாதத்தினிடையே ஒரு வினா பெரும்பாலும் எழுவதில்லை. முடிவு செய்பவர் யார்? அச்சுமையைத் தன் உடலில் தாங்கும் பெண்ணை எவரேனும் கேட்டனரா? இவ்வினாவையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இதற்கு இலக்கணம் ஒரு வழி காட்டும். கருச்சிதைவு வேறு, கருக்கலைப்பு வேறு. சிதைதல் தானே நிகழ்வது. கலைத்தல் ஒருவர் செய்ய நிகழ்வது. செய்வோர் உளரெனின், அவர் இயற்றுதற் கருத்தாவா, ஏவுதற் கருத்தாவா என நம் இலக்கண நூலார் வினவுவர். கூலியாளும் குளம் வெட்டினான். ஊர்த்தலைவரும் குளம் வெட்டினார். முன்னவன் மண்வெட்டி பிடித்தவன், பின்னவர் ஏவியவர். அவ்வாறே கருக்கலைப்பில் மருத்துவர் இயற்றுதற் கருத்தா ஆவர். ஏவுதற் கருத்தா யார்? கணவனா, மாமியாரா, அரசா, அப்பெண்ணா? 

இவ்வினா நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் வரலாற்றை அறியாதார் நம்முள் இலர். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓரிரவு, பிராமணர் ஒருவரும், முகமதியர் ஒருவரும், மற்றுமோர் இந்துவும் தனித்தனியே வந்து, பேறுகால வேதனையிலிருந்த தத்தம் மனைவியர்க்கு உதவுமாறு அவரை அழைத்தனர். அவரோ அன்று மருத்துவம் கல்லாதவர். மருத்துவராகிய தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூற, அன்னிய ஆடவர் காணலாகாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். விடியுமுன் அம்மாதர் மூவரும் இறந்தனர். அத்துயரே அவரை மருத்துவம் பயிலச் செய்தது. 1902இல் வேலூரில் மருத்துவமனையையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் எழச் செய்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. மூன்று வீட்டிலும் மறுத்தவர் ஆடவர், மாண்டவர் மகளிர். அம்மகளிர் யாது விரும்பினர் என்பது கதையில் வரவே இல்லை. அது மகப்பேற்றுச் செய்தியேயன்றிக் கருக்கலைப்புப் பற்றியதன்று. எனினும் கேட்கப்படாத வினா ஒன்றே.

இனிச் சட்டத்தை நோக்குவாம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவைக் கலைத்தல் குற்றம் என்றது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளி என்றது. பெண்ணின் இசைவின்றி அதனைச் செய்வோர்க்கு ஆயுள் தண்டனைவரை விதித்தது. 2024 ஜூலைமுதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சங்கிதையிலும் இவ்விரு விதிகளும் 88, 89ஆம் பிரிவுகளாக நிற்கின்றன.

குற்றத்திற்கு அஞ்சிய பெண்கள் மறைவில், பயிற்சியற்றோர் கையில் சிக்கி மாண்டனர். இதனை ஆராயும்படி 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1966இல் அது தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாக 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. தாயின் உயிர்க்கோ, உடல்நலத்திற்கோ, மனநலத்திற்கோ பெருந்தீங்கு நேரும் எனினும், பிறக்கும் குழந்தைக்குக் கடுங்குறை உண்டாகும் எனினும், தகுதிபெற்ற மருத்துவர் கருவைக் கலைக்கலாம் என்பது அதன் சாரம். 2021ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, 20 வாரம்வரை மருத்துவர் ஒருவரின் கருத்தே போதும். வன்கொடுமைக்கு ஆளானோர், 18 வயது நிரம்பாதோர், கருவுற்றபின் கணவனை இழந்தோர் முதலியோர்க்கு, மருத்துவர் இருவரின் கருத்துடன் 24 வாரம்வரை இடமுண்டு. உயிரைக் காக்க உடனே செய்யவேண்டிய நிலையில் இவ்வார வரம்பு தடையாகாது.

இச்சட்டம் இசைவைப்பற்றிக் கூறுவது யாது? 18 வயது நிரம்பிய, மனநோயற்ற பெண்ணாயின் அவளது இசைவு ஒன்றே வேண்டும். கணவனின் கையெழுத்தைச் சட்டம் யாண்டும் கேட்கவில்லை. 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வார விதி பொருந்தும் எனத் தீர்ப்பளித்தபொழுது, குடும்பத்தார் இசைவு முதலிய, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர் விதித்தல் தகாது என்றும் உரைத்தது.

எனினும் முழு அதிகாரமும் பெண்ணிடம் உள்ளதென்று கூறுதல் பிழை. அவள் வேண்டினும், மருத்துவர் நல்லெண்ணத்துடன் உடன்பட்டாலன்றிக் காரியம் நடவாது. 2023 அக்டோபரில், 26 வாரம் கடந்த கருவைக் கலைக்க வேண்டிய மணமான பெண் ஒருவரின் மனுவை அந்நீதிமன்றமே மறுத்தது. ஆகவே நம் சட்டம், தாயின் விருப்பம், மருத்துவரின் அறிவு, வளர்ந்த கருவின் உயிர் ஆகிய மூன்றையும் ஒரு தராசில் வைத்து நிறுக்கின்றது. அத்தராசில் கணவனுக்கோ மாமியாருக்கோ தட்டு இல்லை.

பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்று இதன் அருமையை விளக்கும். கருநாடகத்துப் பெண்ணாகிய சவிதா ஹலப்பனவர், 2012இல் அயர்லாந்து நாட்டுக் கால்வே நகரில் கரு சிதையும் நிலையில், அதனை அகற்றுமாறு வேண்டினார். சிசுவின் இதயம் துடித்தமையால் அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. குருதியில் நச்சேறி அவர் இறந்தார். 2018இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்துத் தங்கள் அரசியற் சட்டத்தின் தடையை நீக்கினர். 

பெண்ணின் சொல் மறுக்கப்படுவது கலைக்க வேண்டும்பொழுது மட்டுமன்று. கருவில் இருப்பது பெண்மகவு என்று அறிந்து, தாயை வற்புறுத்திக் கலைக்கச் செய்யும் கொடுமையை நம் நாடு கண்டது. அதனாலன்றோ 1994இல் பாலினம் அறியும் சோதனையைச் சட்டம் தடை செய்தது! கலையாதே என்று தடுப்போரும், கலை என்று தள்ளுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் அவளைக் கேட்பதில்லை.

இவ்வுண்மை நம் ஊர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை எண்ணுக. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் தோல் தொழிலையும் காலணித் தொழிலையும் நம்பி வாழும் மகளிர் பலர். நாட்கூலி பெறும் ஒருத்தி மருத்துவமனைக்குச் செல்லின் அன்றைய கூலி போயிற்று. “கணவரை அழைத்து வா” என அவளைத் திருப்பி அனுப்பின் மற்றொரு நாளும் போகும். அவர் வர மறுப்பின் வாரங்கள் கழியும். சட்டமோ வாரங்களை எண்ணுகின்றது. இறுதியில் அவள் சீட்டின்றி மாத்திரை வாங்கி, ஒருவர்க்கும் சொல்லாது விழுங்கி, உதிரம் பெருகி உயிர்க்கு மன்றாடும் நிலையும் நேரலாம். சட்டம் வேண்டாத ஒரு கையெழுத்துக்கு இத்துணை விலையா?

கிறிஸ்தவராகிய நம்முட் பலர், கருவுயிர் ஆண்டவர் அருளிய கொடை எனக் கொள்வோர். அக்கொள்கையைக் கைவிடுமாறு இக்கட்டுரை கூறவில்லை. ஆயின் மனச்சாட்சி ஒருவர்க்காக மற்றொருவர் கையெழுத்திடும் பொருளன்று. கருவைக் காக்க விரும்புவோர் முதலில் தாயின் சொல்லைக் கேட்கக் கடவர். பின்னர் அவளுக்கு உணவும், ஓய்வும், குழந்தையை வளர்க்கத் துணையும் அளிக்கக் கடவர். இவை யாவும் இன்றி அவளைப் பழிப்பது அறமாகாது.

மாணவ நேயர்களே! நாம் கற்றதைப் பிறர்க்கு உரைத்தல் கடன். வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் இசைவே போதும் என்பதையும், அவள் பெயரை மருத்துவர் வெளியிடலாகாது என்பதையும், கருச்சிதைவுக்கும் மருத்துவக் கருக்கலைப்புக்கும் பின் தகுதியுள்ள பெண் தொழிலாளிக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்புண்டு என்பதையும், மருத்துவர் சீட்டின்றி மாத்திரை உண்ணல் ஆபத்து என்பதையும் நம் வீட்டிலும் தெருவிலும் எடுத்துக் கூறுவோமாக. அதற்கு முன், நம் அன்னையரையும் அக்கைதங்கையரையும் பற்றிய காரியங்களை அவர்களைக் கேட்டே முடிவு செய்யப் பழகுவோமாக.