நிறம் போனால் நீர் சுத்தமாகிவிடுமா?

சாயப்பட்டறைக் கழிவைப் பூஞ்சை சுத்தம் செய்கிறது என்ற செய்தி பொய்யில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகளில்தான் கோளாறு.

நம்பிக்கை: பூஞ்சை சாயத்தைத் தின்று வளர்கிறது.

உண்மை: பட்ட மரத்தை வெளுக்கவைத்து மக்கச் செய்யும் வெண்ணழுகல் பூஞ்சைகள்தான் இதில் கைதேர்ந்தவை. மரத்தின் லிக்னினை உடைக்க அவை சுரக்கும் லாக்கேஸ், பெராக்ஸிடேஸ் நொதிகள் ஆள் பார்த்து அடிப்பவை அல்ல. எதிரே வரும் சாயத்தையும் சேர்த்தே உடைக்கும். பூஞ்சையின் வயிற்றுப்பாட்டுக்குச் சர்க்கரை மாதிரி ஏதாவது தனியாகப் போட்டாக வேண்டும்.

நம்பிக்கை: நிறம் போனால் நஞ்சும் போச்சு.

உண்மை: ஆபத்தான நம்பிக்கை இதுதான். மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைக் கன்னிங்ஹாமெல்லா எலிகன்ஸ் என்ற பூஞ்சை நிறமற்ற லூக்கோ மாலகைட் கிரீனாக மாற்றுகிறது. தண்ணீர் தெளிவாகத் தெரியும், நச்சுத்தன்மை போகாது. அந்த லூக்கோ வடிவம் மீனின் உடலில் நெடுநாள் தங்கக்கூடியது. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா அசோ சாயங்களை உடைத்தாலும் இதே கதைதான்: நிறம் மறையும், அரோமேட்டிக் அமீன்கள் மிஞ்சும், அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. செத்த பூஞ்சையைப் போட்டாலும் நிறம் குறையும். ஆனால் அங்கே சாயம் உடையவில்லை, பூஞ்சைமேல் ஒட்டியிருக்கிறது. அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது? ஆகவே ‘90 சதவீதம் நிறநீக்கம்’ என்று யாராவது சொன்னால், நச்சுச் சோதனை முடிவையும் கேளுங்கள்.

நம்பிக்கை: திருப்பூரின் சாயக்கழிவுப் பிரச்சினைக்குப் பூஞ்சை போதும்.

உண்மை: போதாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பை அள்ளிப் போடுகிறார்கள். அத்தனையும் கழிவோடு வெளியே வரும். நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சவ்வூடு வடித்தல், ஆவியாக்கிகள் எல்லாம் வைத்து நீரையும் உப்பையும் மீட்கும் முறைக்கு ஊர் மாறியது. பூஞ்சை உப்பைத் தொடாது. போதாக்குறைக்கு, சாயக்கழிவு சூடும் காரமும் நிறைந்தது. பூஞ்சைக்கோ லேசான புளிப்பு வேண்டும். அமிலம் ஊற்றிச் சரிக்கட்டினால் உப்பு இன்னும் கூடும்! ஆய்வகத்தில் கிருமி நீக்கிய குடுவையில் கொடிகட்டிப் பறக்கும் பூஞ்சையை, திறந்த தொட்டியில் பாக்டீரியா ஓரங்கட்டிவிடும்.

சவ்வுக்குப் போகும் முன் நிறச்சுமையைக் குறைக்கும் துணைக் கட்டமாகப் பூஞ்சையை முயன்று பார்க்கலாம். சவ்வையும் ஆவியாக்கியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க முடியாது.