ஆத்தங்கரை வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லையையும் தூத்துக்குடியையும் முக்கி எடுத்தது புயல் அல்ல. அதற்கு இரண்டு வாரம் முன்பு சென்னைக்கு வந்ததற்கு ‘மிக்ஜாம்’ என்று பெயராவது இருந்தது. இங்கே வந்தது குமரிக்கடல் பக்கத்து வளிமண்டலச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எனவே டிவியில் புயலுக்குப் பெயர் சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

• தெருவில் பெய்வதைவிட மலையில் பெய்வதைக் கவனியுங்கள். பாபநாசம் (143 அடி), மணிமுத்தாறு (118 அடி) அணைகளின் மட்டமும் திறப்பும் தினமும் செய்தியில் வருகின்றன. ஆனால் கடனாவும் பச்சையாறும் சிற்றாறும் பாபநாசத்துக்குக் கீழேதான் ஆற்றில் சேர்கின்றன. ‘அணையில இன்னும் இடம் கெடக்கு’ என்ற ஆறுதல் பாதிதான் செல்லும்.

• உங்கள் ஊருக்கு மேலே எந்தக் குளம், அதன் மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று ஐப்பசிக்கு முன்பே விசாரித்து வையுங்கள். 2023-ல் பல ஊர்களுக்குள் தண்ணீர் வந்தது ஆற்றுப் பக்கமிருந்து அல்ல. குளக்கரை உடைந்து, முதுகுப் பக்கமாக வந்தது. ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மறுகால் ஓடையில் வீடு கட்டியிருந்தால் முதல் ஆளாகக் கிளம்ப வேண்டியவர் நீங்கள்தான். அந்த மனையை விற்றவர் வந்து சொல்லமாட்டார்.

• தண்ணீர் வாசலைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். ஃபிரிட்ஜையும் காலி சிலிண்டரையும் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள். ஃபிரிட்ஜ் மிதக்கும். சாய்ந்து மிதந்து வந்து கதவை உள்பக்கமாக அடைத்துக்கொண்டால், இடுப்பளவுத் தண்ணீரில் அதைத் தள்ளித் திறக்க முடியாது.

• நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர், படுக்கையில் இருப்பவர்: எச்சரிக்கை வந்த அன்றே மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்காவது கையில் இருக்கட்டும்.

• மாவட்ட அவசர எண் 1077. செல்போன் டவர் படுத்துவிட்டால் அதுவும் உதவாது. குடும்பம் எங்கே கூடுவது என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

• வெள்ளம் பார்க்கப் போகாதீர்கள். இது நம்மூர்க்காரர்களுக்கு விடாத பழக்கம். குறுக்குத்துறைக் கோயில் முங்கிவிட்டதா என்று பார்க்கச் சிறு பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சுலோச்சன முதலியார் பாலத்தில் நிற்பார்கள். வெள்ளத்தைத் தாங்குவதற்கென்றே கட்டிய கோயில் அது. அங்கேயே உற்சவர் மேலக்கோயிலுக்கு ஏறிவிடுகிறார். நமக்குக் கீழே என்ன வேலை?

• ‘92-லயே இம்புட்டுத்தான் வந்துச்சு’ என்று சுவரில் பழைய கறையைக் காட்டி வீட்டிலேயே இருக்காதீர்கள். அந்த அளவு அந்த மழைக்கு.

• தரைப்பாலத்தில் வண்டியை விடாதீர்கள். ‘எத்தனை தடவை போயிருக்கோம்’ என்பது பதில் அல்ல. அடியில் பாலம் இருக்கிறதா என்பதே தெரியாது. 2023-ல் செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியே இல்லாமல் அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள் இரண்டு நாள் அவதிப்பட்டார்கள்; ஆனால் உயிரோடு ஊர் சேர்ந்தார்கள்.

• நனைந்த காரையோ பைக்கையோ ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் அதற்குப் பணம் வாங்குவதும் கஷ்டம். கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

• காலில் புண்ணோடு வெறுங்காலில் சேறு அள்ளாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். மூலையில் குவிந்த துணியைக் கையால் எடுக்காதீர்கள், கம்பால் தள்ளுங்கள். பாம்பும் மேடு தேடித்தான் வந்திருக்கும்.

• சுவரில் தண்ணீர் நின்ற கோடும் கெட்டுப்போன சாமானும் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்காமல் வீட்டைக் கழுவிவிடாதீர்கள். கணக்கெடுக்க விஏஓ வரும்போது வீடு பளிச்சென்று இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.