எதிர்வீட்டிலிருந்தும் கற்கும் கணினி

அன்புள்ள தங்கைக்கு,

கரமனை அக்ரகாரத்தில் ஒரு வாசலில் புதிய புள்ளிக்கோலம் விழுந்தால், எதிர்வீட்டு மாமி புள்ளிகளை எண்ணி மனத்தில் வாங்கிக்கொள்வார். சில நாளில் அது தெருவுக்கே பொதுவாகிவிடும். ஒரு கணக்கின் விடைகளை உயிரினங்களைப் போலக் கலந்து, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் கணினி முறை ஒன்று உண்டு: ஜான் ஹாலண்ட் 1975இல் நூலாக்கிய மரபணு அல்காரிதம். அதில், அடுத்தவரைப் பார்த்துக் கற்கும் இந்தக் குறுக்குவழி இல்லை. ஒரு விடையில் உள்ள நல்ல கூறு அதன் வாரிசுகளுக்கு மட்டுமே போகும்.

அந்தக் குறையை அமெரிக்காவின் ராபர்ட் ரெனால்ட்ஸ் கவனித்தார். மெக்சிகோவின் ஓஹாக்கா பள்ளத்தாக்கில் பழங்கால மக்கள் உணவு சேகரிப்பிலிருந்து பயிரிடலுக்கு மாறியதைக் கணினியில் மாதிரியாக்கியவர் அவர். 1994இல் 'பண்பாட்டு அல்காரிதம்' என்ற வடிவத்தை விரித்துரைத்தார். விடைகளின் கூட்டம் ஒருபுறம். அவற்றுள் சிறந்தவை விட்டுச்செல்லும் அனுபவத்தின் பொதுச் சேமிப்பு மறுபுறம். அடுத்த தலைமுறை எங்கே தேட வேண்டும் என்பதை அந்தச் சேமிப்பு வழிநடத்தும்.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு சூரத்தில் பிறந்தது. அங்குள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆர். வெங்கட ராவ், சவ்சானி, வகாரியா ஆகியோர் 2011இல் வகுப்பறையையே அல்காரிதமாக்கினார்கள். எடை குறைந்த சுருள்வில் ஒன்றை வடிவமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள். கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை என்ற மூன்று எண்களும் சேர்ந்தால் ஒரு மாணவர். இப்போதைக்கு மிகச் சிறந்த விடைதான் ஆசிரியர்.

ஆசிரியரின் கம்பித் தடிமன் 6 மி.மீ., வகுப்பின் சராசரி 4 என்றால் வித்தியாசம் 2. அதை 0.5 போன்ற ஒரு தற்செயல் எண்ணால் பெருக்கி, 3 மி.மீ. வைத்திருக்கும் மாணவரின் தடிமனோடு கூட்டினால் 4. புதிய வில் மேலானதாக இருந்தால் மட்டுமே அதை ஏற்பார்கள்; இல்லையேல் பழையதே இருக்கும். அடுத்து, மாணவர்கள் இருவர் இருவராகச் சந்திக்கிறார்கள். மேலானவரை நோக்கி நகர்வதும், பின்தங்கியவரிடமிருந்து விலகுவதும்தான் அங்கே பாடம். இந்த இரண்டாம் கட்டமே இதன் உயிர்! ஆசிரியரை மட்டும் பார்த்தால் வகுப்பு முழுதும் ஒரே இடத்தில் குவிந்துவிடலாம்.

2012இல் செரெபின்ஷெக், லியூ, மெர்னிக் ஆகியோர் இதை மீண்டும் சோதித்து, மதிப்பீடுகளை, அதாவது ஒரு விடையின் தரத்தைக் கணக்கிடும் தடவைகளை, எண்ணிய முறையிலேயே பிழை கண்டார்கள். சூரத் தரப்பும் பதில் எழுதியது. நீ பாப்பனங்கோட்டுக் கல்லூரி ஆய்வகத்தில் நிரல் எழுதும்போது அதை நினைவில் கொள்: 20 மாணவர்கள் என்றால், இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 40 மதிப்பீடுகள். மரபணு அல்காரிதத்துக்கும் அதே எண்ணிக்கையைக் கொடுத்த பிறகு ஒப்பிடு.

அன்புடன்,
அக்கா